ஏழு பத்து

தை மாதம், ஒரு சனிக்கிழமை. இருட்டுகிற நேரம். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தால் என்.சி.சி. காக்கி உடுப்பில் ஒரு பையன் நிற்கிறான். ஒன்பதாவது படிக்கிறவன். அவன் அப்பா என்னிடம் படித்தவர். "உள்ளே வா கண்ணு" என்றேன். வரவில்லை. ஊட்டிக் குளிரில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறந்தான்.

"சார், யூனிபார்ம் போட்டிருக்கும்போது அழக் கூடாதா?"

அவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் டிரில் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் ஐயா அந்த வாரம் இறந்துபோயிருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டன் பக்கம் வீடு. பட்டாலியனிலிருந்து பயிற்றுநர் வராத நாட்களில் பிள்ளைகள் சும்மா நிற்கக் கூடாது என்று தானாக வந்து சேர்ந்துகொண்டவர். சம்பளம் கிடையாது. பஸ் காசுகூட வாங்கமாட்டார். புதன்கிழமை ராத்திரி நெஞ்சைக் கரிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். 108 வண்டி மேடேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் பிள்ளைகள் உடுப்போடு போனார்கள். இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியவர், "காக்கி போட்டுட்டு அழலாமா? பட்டாளத்துக்காரன் அழுவானா?" என்று அதட்டியிருக்கிறார். அன்றைக்கு விழுங்கியது அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இருபது வருஷம் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே என்.சி.சி. பொறுப்பையும் பார்த்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "சாவ்தான்", "விஷ்ராம்" என்று பரேடில் கேட்கிற கட்டளைகளைப் போல, ராணுவத்தில் துக்கத்துக்கென்றே ஒரு கட்டளை உண்டு: "ஷோக் சஸ்த்ர". துப்பாக்கிக் குழல் தரையைப் பார்க்கும்படி தலைகீழாகத் திருப்பி, கட்டைமேல் கைகளை வைத்து, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் வாசிப்பார்கள். நெஞ்சை நிமிர்த்து, தலையைத் தூக்கு என்று வருஷம் முழுக்கச் சொல்கிற ராணுவம், இந்த ஓர் இடத்தில் தலையைக் குனி என்று உத்தரவே போட்டு வைத்திருக்கிறது. "நீ அழு கண்ணு" என்றேன். அழுதான். என் வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப் போயிற்று.

அவனிடம் அன்று பேசியதையும், அதற்குப் பிறகு அவனும் அவன் தோழர்களும் எனக்குக் காட்டியதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வயதில் திடீர்ச் சாவு ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் இது பக்கத்தில் இருக்கட்டும்.

நம் மலை இப்படி ஒரு நாளைப் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பர் 8, புதன்கிழமை. சூலூரிலிருந்து பகல் 11.48க்குக் கிளம்பிய எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், தாம் ஒரு காலத்தில் படித்த வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் இளம் அதிகாரிகளிடம் பேச வந்துகொண்டிருந்தார். மனைவி மதுலிகாவும் கூட வந்தார். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை, வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை தடுமாறிவிட்டது என்று விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்னது. அந்த மேகம் நமக்குத் தெரிந்ததுதான். பட்டப்பகலில், பத்தடி முன்னால் நடக்கிற ஆளை விழுங்கிவிடும்.

நஞ்சப்பசத்திரம் சின்ன ஊர். கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் நெருப்பில் ஊற்றினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க, வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். டிசம்பர் மாதத்தில் குன்னூரில் ஓர் ஏழை வீட்டிலிருந்து கம்பளி வெளியே போவது என்றால் என்ன என்று இந்த மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நாள் கழித்து ராணுவத்தின் தக்ஷிண பாரத் பகுதித் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் அருண் அந்த ஊருக்கு வந்து மக்களுக்கு நன்றி சொன்னார். கம்பளியும் மளிகையும் விளக்கும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மாதந்தோறும் ராணுவ டாக்டரும் நர்சும் வந்து ஊரைப் பார்ப்பார்கள் என்றும் அறிவித்தார்.

அன்றைய செய்திகளில் ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. அங்கே ஓடியவர்களில் ஒருவர் சொன்னது. உயிரோடு கிடந்த ஒருவர் தண்ணீர் கேட்டாராம். கொடுக்க முடியாமல் போயிற்று. அது யார் என்று பிற்பாடு தெரிந்ததும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்றார் அந்த மனிதர்.

இதைச் சொன்னபோது பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "போன சனிக்கிழமை காய்ச்சல்னு பொய் சொல்லிட்டுப் பரேடுக்குப் போகல சார். பனி விழுந்திருந்துச்சு. எழுந்திரிக்கச் சோம்பல்."

திடீரென்று ஒருவர் போய்விட்டால், மிஞ்சுகிற எல்லோரிடமும் கொடுக்காமல் விட்ட தண்ணீர் ஒன்று இருக்கும். பேசாமல் வைத்த போன், போகாமல் விட்ட வீடு, சொன்ன பொய். அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அவனுக்கு அது ஒன்றுமில்லாததல்ல. எட்டாவதில் சேர்ந்ததிலிருந்து ஐயா எடுத்த பரேடில் எத்தனைக்குப் போயிருப்பாய் என்று கேட்டேன். கைவிரலில் ஆரம்பித்தான். மாதம் மாதமாகப் பரீட்சை, லீவு, மழை எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தான். ஐம்பத்திரண்டு வந்தது. அந்த ஒரு சனிக்கிழமை அழியாது. ஐம்பத்திரண்டும் அழியாது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள் என்றேன். தண்ணீர் கொடுக்க முடியாத அந்த மனிதரும், தீக்குள் ஓடியவர்தானே.

ஹெலிகாப்டரிலிருந்து பிழைத்தவர் ஒரே ஒருவர், குரூப் கேப்டன் வருண் சிங். வெலிங்டன் கல்லூரியில் பயிற்றுநர். ராவத்தை அழைத்துவர சூலூருக்குப் போனவர். முதலில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனை, பிறகு பெங்களூரு. ஒரு வாரம் நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. டிசம்பர் 15ஆம் தேதி இறந்தார். வயது 39.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் ஒரு கடிதம் எல்லோர் பார்வைக்கும் வந்தது. சண்டிமந்திரில் தாம் படித்த ராணுவப் பள்ளியின் முதல்வருக்கு, 2021 செப்டம்பர் 18ஆம் தேதி எழுதியது. அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்குச் சௌர்ய சக்ரா அறிவித்திருந்தார்கள். 2020 அக்டோபர் 12ஆம் தேதி, பறந்துகொண்டிருந்த தேஜஸ் விமானம் கட்டுப்பாட்டை இழந்தபோது, குதித்துத் தப்பிக்காமல் அதைப் பத்திரமாகக் கீழே இறக்கியதற்கான விருது. விருது வந்ததும் அவர் நினைத்தது தம் பள்ளியை. அதிலும் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைகளை அல்ல, நடுவில் இருக்கிற பிள்ளைகளை. தாமும் படிப்பிலோ விளையாட்டிலோ பெரிதாக ஒன்றும் சாதிக்காத மாணவன்தான் என்று எழுதினார். தொண்ணூறு மார்க் வராவிட்டால் வாழ்க்கை போயிற்று என்று நினைக்க வேண்டாம், மனம் எதில் இருக்கிறதோ அதைக் கண்டுபிடித்து முழு உழைப்பையும் அதில் போடுங்கள் என்பது சாரம். ஒரே ஒரு பிள்ளைக்குத் தெம்பு கொடுத்தால்கூடப் போதும் என்று அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்.

விமானம் ஓட்டுகிறவர், அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கிறவர். எங்கோ ஒரு பள்ளியில் நடு பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது அவர் உத்தியோகத்தில் சேர்ந்த வேலை இல்லை. அதனால்தான் அது அவ்வளவு நாள் நமக்குத் தெரியாமல் இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தோன்றியதுதான் பையனிடம் நான் முக்கியமாகச் சொன்னது. இப்படிப்பட்ட மனிதர்கள் போனால், அவர்கள் என்னென்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே நமக்குத் தெரியாது. அதைத் தேட வேண்டும். துக்கத்தில் பாதி அந்தத் தேடல்தான்.

என்.சி.சி. 1948ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக அது நடப்பது, பாடம் நடத்துகிற வாத்தியார்கள் காம்ப்டிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவந்து மைதானத்திலும் நிற்பதால். அவர்கள் பெயராவது பதிவேட்டில் இருக்கிறது. ஹவில்தார் ஐயா பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் இடம் காலி என்று யாரும் அறிக்கை அனுப்ப முடியாது. அந்த இடத்துக்கு ஆள் வரமாட்டார்கள். அவர் செய்தது என்னென்ன என்று தெரியாவிட்டால், அது அத்தனையும் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

படகர் ஊர்களில் சாவு விழுந்தால், பெரியவர் ஒருவர் நின்று, இறந்தவரின் குற்றங்குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்பு வேண்டுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கூட்டமும் கூடவே குரல் கொடுக்கும். வரிசையாகச் சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஒரு மனிதனின் கணக்கை ஊரே கூடிப் பார்க்கிறது. தோடர்களுக்கோ முன்பெல்லாம் ஓர் ஆளுக்கு இரண்டு சடங்கு. உடலுக்கு உடனே ஒன்று, நாள் கழித்து இன்னொன்று. அடக்கத்தோடு முடிந்தது என்று இந்த மலையில் பழைய மனிதர்கள் யாரும் நினைத்ததில்லை. அவனிடம் சொன்னேன்: படம் வைத்து மெழுகுவத்தி ஏற்றினீர்கள், நல்லது. அடுத்து அவர் வைத்துவிட்டுப் போன சாமான்களைப் பாருங்கள். பதினாறாம் நாள் காரியம் வரை அவர் வீட்டில் கூட்டம் இருக்கும். நீங்கள் பதினேழாம் நாள் போங்கள். "பாவம்", "எல்லாம் விதி" என்று எதுவும் சொல்ல வேண்டாம். அவர் உங்களுக்குச் செய்த ஏதாவது ஒன்றை, அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்.

போயிருக்கிறார்கள். நாலு பேர். இவன் தன் கதையைச் சொல்லியிருக்கிறான். முதல் கேம்பில் கொப்புளம் வந்து நடக்க முடியாமல் இருந்தவனை உட்காரவைத்து, அவன் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துப் பஞ்சு சுற்றினாராம் ஐயா. அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, "வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா வீடெல்லாம் பிராசோ வாசனை அடிக்கும். பெல்ட் பக்கிளைத் தேச்சிக்கிட்டே இருப்பாரு. இப்ப வெள்ளிக்கிழமைதான் தூக்கம் வரமாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறார்.

பள்ளியில், உடுப்பு சாமான் வைக்கிற அறையில் அவருடைய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய பிஸ்கட் டின். திறந்திருக்கிறார்கள். கறுப்பு பூட்ஸ் லேஸ் நாலு ஜோடி. ஊக்கு ஓர் அட்டை. ஊசி, காக்கி நூல். பெரே தொப்பியில் குத்துகிற சிவப்புக் கொண்டை இரண்டு, காகிதத்தில் சுற்றியது. குளுக்கோஸ் பாக்கெட். எது தொலைந்தாலும் "ஐயாகிட்ட இருக்கும்" என்று அவர்கள் ஓடியபோதெல்லாம் அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. யாருக்கு என்ன சைஸ் பூட்ஸ், யாருக்கு வீசிங், யார் காலையில் சாப்பிடாமல் வருவது என்று பென்சிலில் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில், பரேடு 7.00 என்பதற்குக் கீழே ஒரு வரி: "எஸ்டேட் பாப்பா பஸ் 7.10."

நோட்டைத் தூக்கிக்கொண்டு பையன் என்னிடம் வந்தான். "இது என்ன சார், ஏழு பத்து?"

நானும் அவனும் உட்கார்ந்து யோசித்தோம். ஐயா ஏழு மணிக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிடுவார். ஆனால் உடனே பரேடு தொடங்கமாட்டார். ஒவ்வொருவராகப் பக்கிள், லேஸ், நகம் என்று பார்த்துக்கொண்டே வருவார். பத்து நிமிஷம் ஆகும். ரொம்பக் கண்டிப்பான ஆள் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அதற்குள் எட்டாவது படிக்கிற ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து வரிசைக் கடைசியில் நின்றுவிடுவாள். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை. அவள் ஊரிலிருந்து வருகிற முதல் பஸ் அதுதான். அவளுக்காகத்தான் பரேடு காத்து நிற்கிறது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஐயா போன பிறகு வந்த இரண்டு சனிக்கிழமையும், ஐயா பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று மூத்த கேடட்டுகள் சரியாக ஏழு மணிக்குப் பரேடைத் தொடங்கியிருக்கிறார்கள். லேட் என்று அந்தப் பெண்ணை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் அவள் வரவே இல்லை.

பையன் நோட்டை மூடினான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்று தெரியும் என்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேராகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. பிள்ளைகள் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. ஏழு மணிக்கு வரிசை நின்றது. இவன் தகர டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் பையன் முன்னால் போய் நின்றான். பக்கிளைப் பார்த்தான். லேஸைப் பார்த்தான். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தான். அடுத்த பையனிடம் போனான். நிதானமாகப் பார்த்தான். ஒருவனுக்கு லேஸ் நைந்திருந்தது. டின்னைத் திறந்து புது லேஸை எடுத்து, குனிந்து, கோத்துக் கட்டினான். கீழே சாலையில் பஸ் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பையனின் பக்கிளுக்குப் போனான்.