இரவுக் காவல்

வகுப்பிலே கண்ணயரும் மாணவனை எழுப்பி நிறுத்தி, "இரவெல்லாம் என்ன செய்தாய்?" என்று கேட்பது என் வழக்கம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நானே மேசைமேல் உறங்கிப்போனேன். அத்தகைய மாணவனொருவனே என்னைத் தட்டியெழுப்பினான்.

வீட்டில் எனக்குக் கும்பகர்ணன் என்று பெயர். குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். மார்ச் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்று, ஓரிரவு பரிசோதனைக்குட்பட்டபோது வைத்தியர் அவ்வெண்ணத்தைத் தகர்த்தார். இது உறக்க மூச்சுத்தடை என்னும் நோய். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. மூளை திடுக்குற்று விழிக்கிறது. மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 தடவையாயின் நோய் கடுமை. எனக்கோ 40ஐத் தாண்டியிருந்தது.

பரிகாரம் உண்டு. முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம் அது. அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் உலகுக்கு அறிவித்த முறை. ஆனால், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிய காலமல்லவா? அந்நியச் செலாவணியின்றி இறக்குமதி தடைப்பட்டது. "அடுத்த மாதம் வரும்" என்ற மறுமொழியே மாதந்தோறும் வந்தது. விலை மட்டும் தவறாமல் ஏறியது.

காத்திருப்பவன் கைகட்டி இருத்தல் ஆகாது. வைத்தியர் சொற்படி மல்லாந்து படுப்பதை விட்டேன். என் பழைய சட்டையின் முதுகுப்புறத்தில் மகன் ஒரு ரெனிஸ் பந்தை வைத்துத் தைத்துத் தந்தான். மோட்டார் சைக்கிளைத் தொடாமல் நடந்தே கல்லூரிக்குச் சென்றேன். வீதியில் கண்ணயர்ந்தால் போவது என்னுயிர் மட்டுமன்றே!

ஆயினும், அந்நாட்களில் எனக்கு வாய்த்த இயந்திரம் என் மனைவியே. மூச்சு அடங்கும்போதெல்லாம், "இஞ்சருங்கோ, சரிஞ்சு படுங்கோ" என்று தோளைத் தட்டுவாள். அதன் பெறுமதியை நான் உணர்ந்தது, ஒக்டோபரில் இயந்திரம் வந்த மறுநாட் காலையிலேதான். பலகாலத்தின்பின் தலைப்பாரமின்றி எழுந்தேன். அடுப்படியில் நெருப்பில்லை. என்றும் ஐந்து மணிக்கே எழுபவள், ஏழு மணியாகியும் உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் நானே தேநீர் வைத்தேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் குறட்டைவிட்டு, இடையிடையே மூச்சடங்கித் திணறினால், நகைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வகுப்பில் கண்ணயரும் மாணவனை இன்றும் எழுப்புகிறேன். கேள்வி மட்டும் மாறிவிட்டது: "தம்பி, இரவு நன்றாக உறங்கினாயா?"