தூண்டில் மின்னஞ்சலும் நம் பிள்ளைகளும்



பீடோங் வட்டாரத் தோட்டங்களில் முன்பெல்லாம் கடிதம் வந்தால், படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கிராணியிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ கொண்டு செல்வார்கள். இன்று அந்தப் பொறுப்பு பேரப்பிள்ளைகளிடம் வந்துள்ளது. தாத்தாவின் கைப்பேசிக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் மின்னஞ்சலை நான்காம் ஆண்டு மாணவன் படித்துச் சொல்கிறான். அவன் சொல்லை நம்பித்தான் தாத்தா இணைப்பைத் தொடுகிறார். காலமெல்லாம் பால்மரம் வெட்டி, 55 வயதில் பெற்ற ஊழியர் சேமநிதிப் பணம் அந்த ஒரு தொடுதலில் பறிபோகலாம்.

இவ்வகை ஏமாற்று வேலையை ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்பர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் எழுத்தை மாற்றி, 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருவாக்கிய பெயர் அது. இத்தூண்டிலில் மாட்டும் புழுக்கள் இரண்டே: அச்சமும் ஆசையும். 'உங்கள் வங்கிக் கணக்கு இன்று முடக்கப்படும்' என்பது அச்சம். 'வருமான வரிப்பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்' என்பது ஆசை. இரண்டும் நம்மை அவசரப்படுத்தும்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டை வகுப்பில் வலியுறுத்துகிறோம் அல்லவா? அதே கூர்மை இங்கும் வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்து 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் எண் 1 நிற்கும். 'ஆர்', 'என்' இரண்டும் நெருங்கி நின்று 'எம்' போலத் தோன்றும். இணைய முகவரியின் முற்பகுதியில் வங்கியின் பெயரை எவரும் எழுதிக்கொள்ளலாம்; முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிப் பகுதியே உண்மையான உரிமையாளரைக் காட்டும். மலேசிய அரசுத் தளங்கள் பொதுவாக 'கவ் புள்ளி எம்ஒய்' என்று அங்கு முடியும். அனுப்புநர் முகவரியையும் போலியாக அமைக்க முடியும் என்பதால், மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல் வங்கியின் முகவரியை நாமே தட்டச்சு செய்வதே பாதுகாப்பு. கடவுச்சொல்லையும் டேக் எண்ணையும் எவருக்கும் தருதல் கூடாது.

2022 செப்டம்பரில், குறுஞ்செய்திவழி டேக் எண் அனுப்பும் முறையைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2023இல் இணைப்புகள் கொண்ட குறுஞ்செய்திகளைத் தடுக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. ஆயினும் மின்னஞ்சலின் வாயில் திறந்தே கிடக்கிறது.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். திருடிய பணம் பல கணக்குகளுக்கு விரைந்து மாற்றப்படும். அதற்குள் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு. உடனே வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பின்னர் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, கடிதம் எழுதக் கற்பிக்கும் பாடவேளையில் ஒரு போலி மின்னஞ்சலையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பிழைகளை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். வீட்டில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் படித்துச் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தாம்.