பம்பு நிற்காத ஊர்

பொங்கலன்று ஜெர்மனியின் டார்ட்முண்டில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு எப்படியோ எண்ணூருக்கு வந்தது. 660 மெகாவாட் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் காணொளியை ஒருவர் எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்று சனங்கள் பேசினார்கள். பார்த்துவிட்டு, மாம்பலத்தில் வளர்ந்த இன்னொருவர் சொன்னார்: "அங்கயே இருக்கறது அவங்க சாய்ஸ்தானே சார்? பிடிக்கலேன்னா மாறிப் போகலாம். நஷ்டஈடும் வாங்கிக்கறாங்க, எதிர்ப்பும் பேசறாங்க."

நான் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவன். சாப்பிட்ட கை காயும்வரை அவரோடு வாதாடினேன். அப்படியும் சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்லி முடியவில்லை.

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் வாயில் இருக்கிறது எங்கள் குப்பம். அம்மா ஆற்றில் கை இறால் பிடிப்பவர். வத்தத்தில், ஆறு வடியும் நேரத்தில் இறங்கி, கழுத்தளவு தண்ணீர் வர உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார். விரலில் இறால் துள்ளினால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுவார். வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும் என்பதால் அந்த மூன்று மணி நேரமும் பேச்சு கிடையாது. கரையில் நின்று நான் கூப்பிட்டால் கண்ணாலேயே அதட்டுவார். வர வர அந்தச் சேறு மாறிவிட்டது. மேலே சாம்பல் படிந்து இறுகிக் கிடக்கிறது, விரல் உள்ளே போவதில்லை. இப்போது காக்கா ஆழி என்னும் சிப்பியும் வந்து தரையை மூடிவிட்டது. கை வைத்தால் கிழிக்கிறது.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் வந்து 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 90-களில் வந்தது, துறைமுகம் 2001-ல். சாம்பலைச் செப்பாக்கத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் ஆற்றைத் தாண்டித்தான் போகின்றன. அவற்றின் கசிவைப் பற்றிக் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் வழக்குப் போட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் ஆற்றைச் சீர்படுத்தச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. இவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி யாரும் கேட்டதில்லை. சாய்ஸ் என்று ஒன்று இருந்திருந்தால் அது வேறு எங்கோ, மேசை போட்ட அறையில் இருந்தது.

நைனாவுக்கு மட்டும் ஒரு முறை சாய்ஸ் கிடைத்தது. ஓர் ஆலையில் நிரந்தர வேலை என்றார்கள். கடலா, ஆலையா என்று இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து யோசித்து ஆலைக்குப் போனார். எட்டு மாதம் ஒப்பந்தக் கூலி, அதற்குப் பிறகு வர வேண்டாம் என்று விட்டார்கள். அதற்குள் வீட்டில் கிடந்த வலையை எலி கடித்துவிட்டது. புது வலைக்கு வாங்கிய கடனை நான் பாலிடெக்னிக் முடிக்கும்வரை கட்டினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி ஆற்றில் பரவியது. அக்கா அனுப்பிய படங்களில் ஃபைபர் படகுகளின் பக்கவாட்டெல்லாம் தார் பூசியது மாதிரி இருந்தது. வெள்ளை நைலான் வலை கறுத்துப்போய் டீசலில் ஊற வைத்தும் போகவில்லை. எண்ணெயை அள்ளியதும் எங்கள் ஆட்களே, மக்கையும் பக்கெட்டையும் வைத்துக்கொண்டு. நிவாரணம் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். மாம்பலத்துக்காரர் சொன்ன நஷ்டஈடு இதுதான். ஒரு வலையே அதைவிட அதிகம்.

அந்த மாதமே 26-ம் தேதி, காலையில் சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்து படுத்த சனம், நள்ளிரவில் அமோனியா நெடியில் எழுந்து ஓடியது. பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாய் கசிந்திருந்தது. மூச்சு வாங்க வாங்க அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "கடல் வந்தா மேட்டுக்கு ஓடலாம். இதுக்கு எங்க ஓடறது?"

நான் இப்போது இருக்கும் ரூர் வட்டாரமும் ஓர் எண்ணூர்தான். ஒரு காலத்தில் நிலக்கரி, இரும்பு, புகை எல்லாம் இங்கேதான். எம்ஷர் என்ற ஆற்றைச் சாக்கடையாக்குவது என்று இவர்களே முடிவெடுத்தார்கள். அதற்கென்று 1899-ல் நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கின. கான்கிரீட் கால்வாயாகத் திறந்தே ஓடிய அந்தச் சாக்கடையை மீண்டும் ஆறாக்க 1992-ல் தொடங்கினார்கள். முப்பது ஆண்டு, சுமார் 550 கோடி யூரோ. தரைக்கடியில் 51 கிலோமீட்டருக்குப் பெருங்குழாய் புதைத்து, 2021 முடிவில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது நின்றது.

ஆனால் நான் வியந்து நிற்பது ஆற்றைப் பார்த்து அல்ல, பம்பைப் பார்த்து. நூற்றைம்பது ஆண்டு நிலக்கரி தோண்டியதில் இந்த மண் கீழே இறங்கிவிட்டது, சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். பம்புகள் இரவும் பகலும் தண்ணீரை இறைத்தால்தான் வீடுகள் நிற்கும். நிறுத்தினால் பல ஊர்கள் ஏரியாகிவிடும். இதற்கு ஜெர்மன் மொழியில் 'ஏவிக்கைட்ஸ்லாஸ்டன்' என்று ஒரு சொல் இருக்கிறது. நித்தியச் சுமைகள் என்று பொருள். கடைசி நிலக்கரிச் சுரங்கம் பொட்ரோப் நகரில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, 2007-ல், இந்தச் சுமைக்காக ஓர் அறக்கட்டளை வைத்துவிட்டார்கள். 2019 முதல் ஆண்டுதோறும் 20 கோடி யூரோவுக்கு மேல் அதிலிருந்து போகிறது. பம்பு இன்னும் எத்தனை ஆண்டு ஓட வேண்டும் என்று என் மேலாளரிடம் கேட்டேன். "முடிவே கிடையாது" என்றார், அவ்வளவு சாதாரணமாக. தாத்தா தோண்டிய குழிக்குப் பேரன் பெயரில் பணம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆற்றின் சாம்பலுக்கு யார் பெயரில், எந்தக் கணக்கில், எவ்வளவு இருக்கிறது?

இவர்களைத் தெய்வமாக்க நான் வரவில்லை. டார்ட்முண்டின் ஃபீனிக்ஸ் ஏரிக்கரையில் இன்று விலை உயர்ந்த வீடுகள். அங்கே இருந்த இரும்பாலையை 2001-ல் மூடியபின், துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலேற்றிச் சீனாவுக்கு விற்றார்கள். இங்கே வானம் வெளுத்தது, அந்தப் புகை இன்னொருவர் வீட்டு வாசலுக்குப் போயிற்று. எம்ஷரைச் சாக்கடையாக்கிய அந்த நூறு ஆண்டில், அதில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறு திரும்பி வந்தது, ஆற்றுக்காரர்கள் வரவில்லை. விரல் நீளத்தில் 'குரோப்பே' என்று ஒரு மீன் மட்டும் பொட்ரோப் பக்கம் ஒரு கிளை ஓடையின் தலைப்பில் ஒதுங்கிப் பிழைத்திருந்தது. அதைத்தான் பிடித்துக் கொண்டுவந்து மற்ற ஓடைகளில் விட்டார்கள். ஒதுங்கி நின்ற அந்தச் சின்ன மீன் இல்லாவிட்டால் அந்த ஆற்றின் குரோப்பேயைத் திரும்ப விடுவதற்கு இவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் ஆற்றில் அப்படி நிற்பது எங்கள் சனம். சாம்பல் படிந்தால் சொல்ல, எண்ணெய் வந்தால் படமெடுக்க, தீர்ப்பாயத்துக்குப் போக, கருத்துக்கேட்பில் மைக் முன்னால் நிற்க அங்கே ஆள் இருக்கிறார்கள். மாறிப் போகலாமே என்று நானும் ஒரு காலத்தில் அம்மாவிடம் கேட்டவன்தான். நான் கிளம்பி வந்தது என் முடிவு. அதற்கான விலையை, ஒவ்வொரு டிசம்பரிலும் போன் மணி அடிக்கும்போது கொடுக்கிறேன். அம்மா சொன்ன பதில் மறக்கவில்லை: "போவலாம் கண்ணு. ஆத்தத் தூக்கிக்கினு போவ முடியுமா?"

அதனால் மாம்பலத்து நண்பருக்கும், விரிவாக்கக் கோப்பில் கையெழுத்துப் போடப்போகிறவர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். நிலையம் ஓடும் ஆண்டுகளுக்கு வரவு செலவு எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அதை மூடிய பிறகு ஆற்றுச் சாம்பலை யார் அள்ளுவார், எத்தனை ஆண்டு அள்ளுவார், அந்தப் பணம் இன்றே எந்த வங்கியில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். அதை எர்ணாவூரில் சனங்கள் முன்னால் உரக்கப் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.