யாரோ எழுதித் தேய்த்த நிப்

பேனா சேர்க்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பழசு நல்லா எழுதுமா, புதுசு நல்லா எழுதுமா?" 'அந்தக் காலத்துப் பேனா மாதிரி வருமா!' என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. அந்தக் காலத்திலும் ஒழுகும் பேனாக்கள் இருந்தன. சட்டைப்பையில் நீலக்கறையோடு பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மட்டமானதெல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. தப்பிப் பிழைத்த நல்ல பேனாக்கள்தான் இன்று நம் கைக்கு வருகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வசதியான ஒரு ஜோடி இருக்கிறது. இரண்டுமே பார்க்கர் 51. ஒன்று 1950களில் செய்தது. மற்றது அதே பெயரில் சில வருஷங்களுக்கு முன்பு மறுபடி வந்தது.

பார்க்கர் நிறுவனம் தொடங்கியது 1888இல். அதன் 51ஆவது ஆண்டான 1939இல் உருவான பேனா என்பதால் இந்தப் பெயர். கடைகளுக்கு வந்தது 1941இல். நிப்பின் நுனி மட்டும் துளியூண்டு வெளியே தெரியும், மற்றதெல்லாம் ஒரு கூம்புக்குள் ஒளிந்திருக்கும். சீக்கிரம் உலரும் மைக்காகச் செய்த பேனா அது. நிப் காற்றில் திறந்து கிடந்தால் மை அதன் மேலேயே காய்ந்துவிடும், அதற்குத்தான் கூம்பு. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கியது போல ஓர் உறுப்பு இருக்கிறது. கூடுதலாக வரும் மையை அது பிடித்துவைத்துக்கொள்ளும். 1948க்குப் பிறகு வந்தவற்றில் மை நிரப்புவதும் எளிது. பின்பகுதியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் பட்டையை நாலைந்து தடவை அமுக்கினால் போதும். அதிலுள்ள பிளாஸ்டிக் பை 70 வருஷம் கழித்தும் பல பேனாக்களில் அப்படியே வேலை செய்கிறது. அதே வயதுள்ள வேறு பேனாக்களின் ரப்பர் பைகள் இந்நேரம் அப்பளமாக நொறுங்கியிருக்கும்.

புது 51 பார்வைக்கு இதன் தம்பி. ஆனால் மூடியைத் தொட்டதுமே வித்தியாசம் தெரிந்துவிடும். பழையதன் மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், புதியதில் திருக வேண்டும். மைக்கு கார்ட்ரிஜ் அல்லது கன்வெர்ட்டர். என்னுடையதில் எஃகு நிப். குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. பெட்டியைப் பிரித்த அன்றே, எப்படிப் பிடித்தாலும் எழுதியது.

பழையது அப்படி எழுதவில்லை. என் பிடியில் காகிதத்தைக் கீறியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. தங்கம் மென்மையானது, காகிதத்தில் நேராக உரசினால் தாங்காது. அதனால் தங்க நிப்பின் நுனியில் கடினமான உலோகப் பொட்டு ஒன்றை ஒட்டவைத்திருப்பார்கள். அந்தப் பொட்டே ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அவ்வளவு தேய வேண்டுமென்றால் ஒருவர் வருஷக்கணக்கில் எழுதியிருக்க வேண்டும். பேனாவைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி, இன்னும் சாய்த்துப் பிடித்தேன். கீறல் நின்றுவிட்டது. அவர் கணக்கு எழுதினாரா, கடிதம் எழுதினாரா, எந்த மொழியில் எழுதினார், ஒன்றும் எனக்குத் தெரியாது. பேனாவை எப்படிப் பிடித்தார் என்பது மட்டும் என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

மதுரையில் பேனா பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். கட்டைவிரல் நகத்தில் நிப்பை மெல்ல அழுத்திப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் தேச்சா ஒங்க கைக்கு வந்துரும் தம்பி. தேச்சிரட்டுமா?"

அவர் கேட்டது நியாயம்தான். பேனா எழுதத்தானே இருக்கிறது, கும்பிடவா? ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்தில் ஒருவருடைய கை மொத்தமாக அழிந்துபோகும்.

"வேணாங்கய்யா."

"அப்ப ஒங்க கையத்தான் மாத்திக்கிறணும்" என்று சிரித்தார். மாற்றிக்கொண்டேன். அந்தப் பேனாவில் எழுதும்போது என் 'ழ' கொஞ்சம் படுத்துக்கொள்கிறது.

சேகரிப்பவர்கள் மத்தியில் மவுசு அதிகம் உள்ளது, ஒருமுறைகூட மை படாத பழைய பேனாவுக்கு. விலைச்சீட்டு ஒட்டியபடியே கிடைத்தால் இன்னும் விசேஷம். இப்போது அப்படி ஒன்றைப் பார்க்கும்போது, 70 வருஷமாக யாரும் ஒரு சொல்கூட எழுதாத பேனா என்றுதான் தோன்றுகிறது. என் புது 51க்கும் அதுதான் நிலைமை. எழுதுவதில் அது பழையதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. யாருடைய கையும் இன்னும் அதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

நாமெல்லாம் தட்டச்சு செய்கிறவர்கள். இந்தக் கட்டுரையையும் தட்டச்சில்தான் அனுப்புகிறேன். ஒரு நிப்பைத் தேய்க்கும் அளவுக்குக் கையால் எழுதும் வாழ்க்கை நம்மில் யாருக்கு வாய்க்கும்? தெரிந்துகொள்ளலாமே என்று புதியதை அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்கு மாற்றினேன். தினமும் ஒரு பக்கமாவது எழுதுகிறேன். மூன்று மாதமாகிறது. நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பொட்டு இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது.