பிளேடு பேரைச் சொல்லி வாங்கத் தெரியணும்!

கோலம் போட்டுப் பழகிய கைக்கு ஃபிரெட் ஒர்க் சுலபமாகவே வந்துவிடும். வளைவு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே திரும்புகிறது என்பது நமக்குக் கைப்பழக்கம். ஆனாலும், ஆசையாக ஸ்க்ரோல் ஸா மெஷின் வாங்கிய சகோதரிகள் பலர் ஆறே மாதத்தில் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால், "பிளேடு உடைஞ்சுக்கிட்டே இருக்கு, மரம் கருகுது, நமக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க" என்பார்கள். மெஷின் மேலும் குற்றமில்லை, கை மேலும் குற்றமில்லை. பொருத்தமில்லாத பிளேடு மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. வீட்டுப் பெயர்ப் பலகை, கொலு மண்டபம், பாலர் பள்ளிக்கு மர எழுத்துகள் என்று செய்து கொடுக்கிறேன். என் பெண்ணின் கல்லூரி பஸ் பணமும் புத்தகச் செலவும் இதிலிருந்துதான். 'ழ'வின் சுழியில் ஒரு சில் பெயர்ந்தால் முழுப் பலகையும் வீண். மரத்தின் விலையும் போச்சு, நாலு மணி நேர உழைப்பும் போச்சு.

முதலில் கவனிக்க வேண்டியது பிளேடின் முனை. இரண்டு நுனியிலும் குறுக்காகச் சின்ன ஆணி வைத்தது ஒரு வகை. ஆணியில்லாமல் மொட்டையாக இருப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் பொதுவான நீளம் 5 அங்குலம். ஆணி வைத்ததை மாட்டுவது சுலபம், கொக்கியில் போட்டால் நின்றுவிடும். ஆனால் எழுத்தின் உள்சுழியை வெட்ட, முதலில் ஒரு துளை போட்டு அதன் வழியாக பிளேடை நுழைக்க வேண்டுமே! ஆணி நுழையப் பெரிய துளை வேண்டும். சின்னச் சுழியில் அந்தத் துளையே சுழியைத் தின்றுவிடும். மொட்டை முனை பிளேடுக்கு ஊசித் துளை போதும். ஆகவே புதிதாக மெஷின் வாங்குகிறவர்கள், "மொட்டை முனை பிளேடு இதில் நிற்குமா?" என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். விலை குறைந்த சில மெஷின்களில் ஆணி வைத்தது மட்டுமே நிற்கும்.

அடுத்தது நம்பர். 2/0, 1, 3, 5, 7, 9, 12 என்று போகும். நம்பர் ஏற ஏற பிளேடு தடிக்கும், பற்கள் பெரிதாகும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசம் உண்டு. நான் வைத்திருக்கும் கணக்கு இது: பலகையின் கனத்துக்குள் எந்த நேரமும் மூன்று பற்களாவது இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 3 அல்லது 5ஆம் நம்பர். 18 மில்லிமீட்டர் தேக்குக்கு 7 அல்லது 9. கொலுவுக்கு 3 மில்லிமீட்டரில் ஜாலி வெட்ட 1 போதும். கனமான பலகையில் அதைப் போட்டால் பட்டென்று போய்விடும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5ஆம் நம்பர் வாங்குங்கள்.

பல் அமைப்பிலும் ஜாதிகள் உண்டு. ஒரு பல் விட்டு ஒரு பல் இருப்பது 'ஸ்கிப் டூத்'. தூள் அடைக்காது, மரமும் அதிகம் சூடாகாது. 'ரிவர்ஸ் டூத்' என்பதில் கடைசிச் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பக்கத்தில் சிலாம்பு கிளம்பாமல் அது பார்த்துக்கொள்ளும். பிளைவுட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உப்புத்தாள் தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும். முறுக்கிய கயிறு போல 'ஸ்பைரல்' என்று ஒன்று. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெட்டும் என்று ஆசை காட்டும், ஆனால் ஓரம் சொரசொரவென்று நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

கடையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பெரிய ஹார்டுவேர் கடை ஒன்றில், "5ஆம் நம்பர், மொட்டை முனை, ரிவர்ஸ் டூத், ஒரு டஜன்" என்று கேட்டேன். "சாரை அனுப்புங்கம்மா, என்ன சைஸுன்னு அவர் சொல்லட்டும்" என்றார் அங்கிருந்தவர். சாருக்கு இதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது! கடைசியில் அவர் எடுத்துக் கொடுத்தது பத்தர்மார் தகடு அறுக்கும் பிளேடு. பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் பல் ரொம்பப் பொடி. பித்தளைத் தகட்டுக்கு அருமையாக இருக்கும், மரத்தில் தூள் அடைத்துக் கருக்கிவிடும். கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

சுவிட்சர்லாந்தின் பீகாஸ், ஜெர்மனியின் நிக்வா ஆகியவை பெயர் பெற்றவை. விலையும் அதற்கேற்ப இருக்கும். புதுக் கம்பெனி என்றால் முதலில் ஒரு டஜன் வாங்கி வெட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் குரோசு வாங்குங்கள். சில பிளேடுகளில் ஒரு பக்க விளிம்பு சற்றுக் கரடாக இருப்பதால் வெட்டு ஒரு பக்கமாகவே இழுக்கும். பலகையை லேசாகச் சாய்த்துத் தள்ளினால் கோட்டில் வரும்.

மாட்டும்போது பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். விரலால் மெல்ல மேலே தடவினால் சுரீரென்று பிடிக்கும், கீழே தடவினால் வழுக்கும். பிறகு முறுக்கேற்றி, வீணைத் தந்தி மாதிரி சுண்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். 'டொப்' என்றால் இன்னும் தொய்வு இருக்கிறது. தள்ளுவதற்கு அதிக பலம் வேண்டியிருந்தாலோ, ஓரம் பழுப்பேறினாலோ பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். பிளைவுட்டின் பசை பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். படத்தின் மேல் வழவழப்பான பார்சல் டேப் ஒட்டி வெட்டினால் கருகுவது குறையும்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் தூள் விஷயத்தில் அலட்சியமாக இருக்கக்கூடாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. பெரும்பாலும் வருடக்கணக்காகத் தூளிலேயே வேலை செய்கிறவர்களைப் பார்த்துச் சொன்னதுதான். அதற்காக நாம் சும்மா இருக்கலாமா? மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ வைத்து, என்95 மாஸ்க் போட்டு வெட்டுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம், அதில் பசை அதிகம். சன்னபட்டணத்துப் பொம்மைகள் செய்யும் வெட்பாலை மரம் கிடைத்தால் உத்தமம்; மெத்தென்று வெட்டுப்படும்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், அள்ளுகிறவர் கையில் ஏறும். நான் ஒரு காலி மாத்திரை டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடிக்கு டேப் சுற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.