ரெண்டு பேர் பேரும்

வலது கையைத் தூக்கி சத்தியம் வாங்கிய பிறகு அந்த அதிகாரி கேட்டார்: "வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் ஏன் இல்லை?"

படிக்க வந்த இடத்தில் இவரைக் கட்டிக்கிட்டேன். இவர் அமெரிக்கக் குடிமகன். நியூஜெர்சியில் நம்மூர்க்காரர் ஒருத்தர் வீட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிபோனோம். வீடு பார்க்கப் போன அன்னிக்கே, "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கல. இவர் பேரை மட்டும் போட்டு எழுதினோம்.

கிரீன் கார்டு நேர்காணலில் அதுவே வினையாச்சு. ஒரே வீட்டில் குடும்பம் நடத்துறதுக்கு அங்கே காகிதம்தான் சாட்சி: ரெண்டு பேர் பேரும் உள்ள ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, காப்பீடு, கரண்ட் பில். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை வீட்டார் யாருன்னும் கேட்டார். பெத்தவங்க அரை மணி தூரத்தில்தான் இருக்காங்க, வரல. எங்கம்மா ஊர்ல இருந்து போன்ல பார்த்து அழுதுச்சு. போட்டோவில் ரெண்டு தோழிகள் மட்டும்.

சாதின்னு சொன்னேன். ஊருக்குப் பயந்து மறைச்சோம். இங்கே மறைச்சதே குத்தமாச்சு. அந்த முகவரிக்கு என் பேரில் வந்த வங்கிக் கடிதங்களை இவர் எடுத்து வைத்தார். அதிகாரி எல்லாத்தையும் எழுதிக்கிட்டார்.

கார்டு வந்தது. கல்யாணமாகி 2 வருஷம் ஆகாததால் நிபந்தனைக் கார்டு. 2 வருஷம்தான் செல்லும். முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள் ஐ-751 போட்டு மறுபடியும் நிரூபிக்கணும்.

வீடு மாறிட்டோம். புது ஒப்பந்தத்தில் முதல் பேர் என் பேர். யாராச்சும் தெரு கேட்டா, சேரின்னே சொல்றேன்.