கஞ்சிக் கோப்பையும் கணையமும்

அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். ரமளானின் எட்டாம் நோன்பு. முற்றத்தில் நோன்புக் கஞ்சி வாங்கச் சிறுவர்கள் தூக்குவாளிகளோடு வரிசையில் நின்றனர். வெந்தயமும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் கலந்த அம்மணம் என்றும் நம்மை மகிழ்விப்பது. அன்றோ கைகள் நடுங்கின, நெற்றி வியர்த்தது, எதிரே நின்ற நண்பரின் பெயர் நாவுக்கு வரவில்லை. மஃரிபுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. பொறுத்துக்கொள்வோம் என்றே எண்ணினோம். மோதினார் பார்த்துவிட்டுச் சர்க்கரை கரைத்த நீரைக் கொணர்ந்தார். நோன்பை முறித்து அதைப் பருகினோம். உடல் தேறிய பின்னும் உள்ளத்தின் நாணம் தேறவில்லை.

நமக்கு நீரிழிவு கண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. பிழை நோன்பினுடையதன்று, நம்முடையதே. காலை மாத்திரையை அளவு குறையாமல் ஸஹரில் விழுங்கியிருந்தோம். சல்ஃபோனைல்யூரியா என்னும் அவ்வகை மாத்திரை, வயிற்றில் உணவு உண்டா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்வது. மருத்துவரை முன்னரே கேட்டிருக்கலாம். நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என அஞ்சியே கேளாதிருந்தோம்.

நலமுள்ள உடலில் நடப்பது வேறு. உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏற, கணையம் இன்சுலினைச் சுரக்கும். அது சர்க்கரையைத் தசைகளுக்குள் புகுத்தி, ஈரலிலும் சேமிக்கச் செய்யும். உணவு நின்று சில மணி நேரமானால் இன்சுலின் தாழும். ஈரல் தன் சேமிப்பை அவிழ்க்கும். அது குறையக் குறையக் கொழுப்பு எரியும். நம் ஊர்களில் 13 மணி நேரத்துக்கு மேல் நீளும் நோன்பு இதற்கு இடந்தருகிறது. மேடைகளில் இதை மிகைப்படுத்துவாரும் உளர். 2016இல் ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது நோன்பை மெய்ப்பித்ததற்காக என்பர். அவர் ஆராய்ந்ததோ, ஈஸ்ட் உயிரணுக்கள் தம் பழுதுகளைத் தாமே செரித்துக்கொள்ளும் முறையை! நோன்புக்கு அத்தகைய முட்டுக்கொடுப்பு வேண்டியதில்லை.

பகலெல்லாம் தாழ்ந்திருந்த இன்சுலினை மஃரிபில் என்ன பாடு படுத்துகிறோம்! கை நிறையப் பேரீச்சம்பழம், சர்பத், வடை, சமோசா; தராவீஹ் முடிந்ததும் பரோட்டா. கஞ்சியைக் குறைகூற மனம் வரவில்லை. பாசிப்பருப்பும் வெந்தயமும் கறியும் சேர்வதால் வெறும் அரிசிக் கஞ்சியினும் அது மேலானதே. இரண்டாம் கோப்பைக்கு நீளும் கையைத்தான் அடக்க வேண்டும்.

மறுநாள் மருத்துவர் கடிந்துகொண்டார், நோன்பைத் தடுக்கவில்லை. மாத்திரையின் பெரும்பகுதியை மஃரிபுக்கு மாற்றி, ஸஹரில் அளவைக் குறைத்தார். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அக்கணமே நோன்பை முறிக்க வேண்டும் என்றார். 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரிடம் கடுமையான தாழ்சர்க்கரை ரமளானில் ஏழரை மடங்கு மிகுந்தது. விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்று இமாம் தெளிவுறுத்தினார்.

நோயாளிகள் வேறு நாட்களில் நோற்கலாம் என்னும் திருமறையின் சலுகையை எத்தனையோ பேருக்கு எடுத்துரைத்திருக்கிறோம். நம் முறை வந்தபோது அதை மானக்கேடாகக் கருதினோமே!

விடுபட்ட நோன்பை ஷவ்வாலில் கழாச் செய்தோம். அஸருக்குப்பின் சோதித்தபோது சர்க்கரை 104. மஃரிபில் ஒரு பேரீச்சம்பழமும் நீரும், பின்னர் ஒரு கோப்பைக் கஞ்சியும். வீட்டில் காய்ச்சியதுதான், பள்ளிவாசல் கஞ்சியின் சுவை அதற்கு வரவில்லை.